அத்தியாயம் 3: எந்த எடிட்டரில் எழுதுவது?

அத்திப்பட்டில் ஒரு நாளுக்கு 96 பிளாக். வடசென்னை அனல் மின் நிலையத்திலோ வல்லூரிலோ ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மின்கட்டமைப்பின் அட்டவணையே 15 நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்றுதான் ஓடுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்திலிருந்து மணலி, கொடுங்கையூர், ராயபுரம் நிலையங்களின் காற்றுத் தர அளவீடுகளை இறக்கும்போதும் அதே 15 நிமிடக் கணக்கில் கேட்டு வாங்கலாம். ஒரு நிலையம், ஓர் ஆண்டு என்றால் 35,040 வரி. எட்டு நிலையம், நான்கு ஆண்டு என்று ஆசைப்பட்டால் 11 லட்சத்தைத் தாண்டிவிடும். எக்செல் தாளில் இருப்பதே 10,48,576 வரிதான்.

சென்ற அத்தியாயத்தில் ஆர் மொழியைக் கணினியில் ஏற்றிவிட்டோம். அதை எதில் எழுதுவது என்பதுதான் இப்போதைய கேள்வி. ஏதோ ஒரு ஜன்னலில் தட்டினால் வேலை ஆகிவிடாதா என்று பலர் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போவார்கள். மற்ற ஊர்க்காரர்கள் தாண்டிப் போகட்டும், எண்ணூர் முதல் மீஞ்சூர் வரை இருப்பவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து படிப்பது நல்லது. இங்கே எண் என்றாலே வழக்குதான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. அந்த இரவு பக்கத்து நிலையங்களில் என்ன பதிவாகியிருக்கிறது என்று நீங்கள் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினால், எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது விடையை அல்ல. எந்த வரிகளை விட்டீர்கள், காலியாக இருந்த கட்டங்களை என்ன செய்தீர்கள், 24 மணி நேரச் சராசரியை எப்போதிலிருந்து எப்போது வரை எடுத்தீர்கள் என்றுதான் துருவுவார். அதற்கெல்லாம் பதில் ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் வரிவரியாக இருக்க வேண்டும். அவரும் அதைத் தன் கணினியில் ஓட்டிப் பார்க்க முடிய வேண்டும்.

கன்சோலில் தட்டியது கன்சோலை மூடியதும் போய்விடும். எக்செல்லில் மவுஸால் இழுத்ததற்குத் தடயமே இருக்காது. ஆகவே நல்ல எடிட்டர் என்று நான் சொல்வது, உங்களை ஸ்கிரிப்ட்டை விட்டு வெளியே போக விடாத எடிட்டரைத்தான். கோப்பில் ஒரு வரி எழுதுகிறீர்கள், ஒரு விசையை அழுத்துகிறீர்கள், வரி ஆருக்குப் போகிறது, விடை பக்கத்திலேயே தெரிகிறது, கர்சர் அடுத்த வரிக்குத் தானாக இறங்கி நிற்கிறது. இந்தத் தூரம் குறையக் குறைய வசதி கூடும். வண்ணம், தீம், ஐகான் எல்லாம் அப்புறம்தான்.

எடிட்டரைத் தேர்வதற்கு முன் ஒரு சோதனை

இறக்கிய சி.எஸ்.வி. கோப்பை எக்செல்லில் திறக்காமல் ஏதாவது ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். விண்டோஸில் நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் இருந்தால் அதுவே போதும். 2003 முதல் வருகிறது, இலவசம், பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும். எக்செல் மறைக்கும் நான்கு சங்கதிகள் அங்கே தெரியும்.

ஒன்று, தேதி. கோப்பில் 03-04-2024 என்று இருக்கும், அதாவது ஏப்ரல் 3. உங்கள் கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் எக்செல் அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 13-04-2024 வந்ததும் பதின்மூன்றாவது மாதம் இல்லை என்று கண்டு அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். வரிசைப்படுத்தினால் பாதித் தேதிகள் மேலேயும் பாதி கீழேயும் போய் நிற்கும். அதை ஒருமுறை சேமித்துவிட்டால் மூலமே போச்சு. இறக்கிய கோப்பை எக்செல்லில் திறந்து சேமிக்கக் கூடாது என்பதை இந்தப் புத்தகம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, தலைப்பு வரிக்கு மேலே நிலையத்தின் பெயர், காலம் என்று சில வரிகள் கூடுதலாக உட்கார்ந்திருக்கலாம். அவற்றை எண்ணி, அத்தனை வரிகளைத் தாண்டச் சொல்லி ஆருக்கு ஆணை கொடுக்க வேண்டும்.

மூன்று, அளவீடு இல்லாத கட்டம். சில கோப்புகளில் அது வெறுமையாக இருக்கும், சிலவற்றில் ‘நன்’ (None) என்ற ஆங்கிலச் சொல் இருக்கும். 35,040 வரியில் ஒரே ஒரு கட்டத்தில் அந்தச் சொல் இருந்தாலும் ஆர் அந்த நெடுவரிசை முழுவதையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். சராசரி கேட்டால் எச்சரிக்கையோடு என்.ஏ. என்று திருப்பிக் கொடுக்கும். புதிதாகக் கற்பவர்கள் இந்த இடத்தில்தான் மொழியையே திட்டுவார்கள்.

நான்கு, எடிட்டரின் அடிப்பட்டையில் தெரியும் குறியேற்றம். யு.டி.எஃப்-8 என்று இருந்தால் நல்லது. ‘யு.டி.எஃப்-8 பி.ஓ.எம்.’ என்று இருந்தால் கோப்பின் முதல் எழுத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை இருக்கிறது என்று அர்த்தம். தமிழ் உள்ள சி.எஸ்.வி.யை எக்செல் சரியாகத் திறக்க அந்த முத்திரை உதவும். ஆனால் ஆரின் அடிப்படை வாசிப்பு ஆணை அதை முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிவிடக்கூடும். தேதி நெடுவரிசையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அப்படி ஒன்று இல்லை என்று அடம்பிடிக்கும். வாசிக்கும்போதே குறியேற்றத்தை யு.டி.எஃப்-8-பி.ஓ.எம். என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ரீடர் என்ற தொகுப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை.

இந்தப் பார்வைக்கு நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் அருமை. நிரல் எழுதவும் அதுவே போதுமா என்று கேட்டால், எழுதலாம், ஆனால் தனியாக எதையாவது இணைக்காமல் வரியை ஆருக்கு அனுப்ப முடியாது. நகலெடுத்து ஒட்டிக்கொண்டே இருப்பீர்கள். அரை மணி நேரத்தில் நேரே கன்சோலிலேயே தட்டத் தொடங்கிவிடுவீர்கள், ஸ்கிரிப்ட் பின்தங்கிவிடும்.

வேர்டில் மட்டும் நிரல் எழுதாதீர்கள். நேரான மேற்கோள்குறியை அது அழகுபடுத்தி வளைத்துவிடும், ஆருக்கு வளைந்த குறி தெரியாது. பி.டி.எஃப்.பிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் நகலெடுத்த நிரலில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறிகள் ஒளிந்து வருவதுண்டு. பார்க்கச் சரியாக இருக்கும் வரியை எதிர்பாராத உள்ளீடு என்று ஆர் திருப்பி அனுப்பினால், அந்த வரியை அழித்துவிட்டுக் கையால் மறுபடி தட்டுவதே சீக்கிரம் முடியும் வைத்தியம்.

ஆர்ஸ்டுடியோ: பெரும்பாலோருக்கு இதுவே

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கிய ஆர் மொழியின் 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வந்தது. ஆர்ஸ்டுடியோ பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2011இல். இடையில் பதினோரு ஆண்டு மக்கள் வேறு ஏதேதோ வைத்துச் சமாளித்தார்கள். விண்டோஸ் ஆரோடு வரும் சிறிய எடிட்டர் இன்றும் இருக்கிறது. கன்ட்ரோலும் ஆர் விசையும் அழுத்தினால் வரியை அனுப்பும், வேறு எந்த உதவியும் செய்யாது.

ஆர்ஸ்டுடியோவைத் திறந்தால் நான்கு கட்டம்: ஸ்கிரிப்ட், கன்சோல், நினைவில் உள்ள பொருட்கள், படம். கன்ட்ரோல்–என்டர் வரியை அனுப்பும். ஆல்ட்டும் கழித்தல் குறியும் சேர்ந்தால் <- விழும். கன்ட்ரோல்–ஷிஃப்ட்–சி வரியைக் குறிப்பாக மாற்றும். கன்ட்ரோல்–ஷிஃப்ட்–எஃப்10 ஆரை மட்டும் மறுபடி தொடங்கி வைக்கும். கடைசியாகச் சொன்னதை மாலை வேலை முடியும்போது ஒருமுறை அழுத்தி, ஸ்கிரிப்ட்டை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பாருங்கள். ஓடினால் வேலை உண்மையிலேயே முடிந்தது. ஓடாவிட்டால், காலையில் கன்சோலில் தட்டிய ஏதோ ஒன்றை நம்பித்தான் இவ்வளவு நேரமும் விடை வந்திருக்கிறது.

ஏற்றிய உடனே இரண்டு அமைப்புகளை மாற்ற வேண்டும். பொது அமைப்புகளில், தொடங்கும்போது பழைய ஆர்டேட்டாவை மீட்டெடு என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். மூடும்போது சேமிக்கவா என்பதற்கு ஒருபோதும் வேண்டாம் என்று வையுங்கள். முந்தைய நாளின் மிச்சம் இன்றைய கணக்கில் கலக்கக் கூடாது.

அடுத்தது ப்ராஜெக்ட். அலுவலகக் கணினியில் எழுதிய ஸ்கிரிப்ட் வீட்டில் ஓடாமல் போவதற்கு முக்கியக் காரணம் கோப்புப் பாதைதான். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரிலிருந்து பாதையை அப்படியே ஒட்டினால் பின்சாய்வுக் கோட்டை ஆர் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு, பயனர் கோப்புறையின் முதல் எழுத்திலேயே பிழை சொல்லும். முன்சாய்வுக் கோடாக மாற்ற வேண்டும். ப்ராஜெக்ட் ஒன்றை உருவாக்கி, தரவை அதற்குள் ஒரு கோப்புறையில் வைத்துவிட்டால் இந்த முழு நீளப் பாதையே தேவைப்படாது. மேற்கோள்குறிக்குள் டேப் விசையை அழுத்தினால் கோப்புகளின் பட்டியலே வந்துவிடும்.

குறை? கனம். குரோமில் பத்து டேப்பும் ஆர்ஸ்டுடியோவும் ஒன்றாகத் திறந்திருந்தால் 4 ஜி.பி. கணினி திணறும்.

ஈமேக்ஸ், பொறுமை உள்ளவர்களுக்கு

ஆர்ஸ்டுடியோ வருவதற்கு முன் புள்ளியியல்காரர்களின் வீடு ஈமேக்ஸ்தான். ரிச்சர்ட் ஸ்டால்மனின் க்னு ஈமேக்ஸ் 1985இலிருந்து இருக்கிறது. அதன்மேல் ஏறி உட்காரும் இ.எஸ்.எஸ். என்ற தொகுப்பு ஆரை மட்டுமல்ல, எஸ்.ஏ.எஸ்., ஸ்டேட்டா, ஜூலியா என்று பலவற்றையும் ஒரே விசைகளால் இயக்க விடும். வரியை அனுப்ப இங்கேயும் கன்ட்ரோல்–என்டர். ஒரு ஃபங்ஷன் முழுவதையும் அனுப்ப கன்ட்ரோல்–சி இரண்டு முறை.

யாருக்குச் சொல்வேன்? தரவு அலுவலகத்தின் சர்வரில் இருந்து, எஸ்.எஸ்.எச். வழியாகக் கறுப்புத் திரையில்தான் நுழைய முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு. ஈமேக்ஸ் அந்தத் திரைக்குள்ளேயே ஓடும், மெதுவான இணைப்பிலும் தாக்குப்பிடிக்கும், நினைவகமும் குறைவாகக் கேட்கும். இன்னொரு வசதி, தமிழ் உள்ளீட்டு முறை அதற்குள்ளேயே இருக்கிறது. கன்ட்ரோலும் பின்சாய்வுக் கோடும் அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம்.

முதல் சில நாள் கொடுமையாகத்தான் இருக்கும். சேமிக்கவே இரண்டு விசைக் கூட்டு. கன்ட்ரோலை அழுத்தி அழுத்திச் சுண்டுவிரல் வலிக்கும், கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக மாற்றிக்கொள்வது பழையவர்களின் முதல் வேலை. அடுத்த வாரம் அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தால் இந்த வாரம் ஈமேக்ஸ் கற்கத் தொடங்காதீர்கள்.

விம் பற்றி ஒரு வார்த்தை. ஏற்கெனவே கை பழகியவர் அதை விடவே மாட்டார், அவருக்கு ஆரோடு இணைக்கும் துணைநிரல்களும் உண்டு. பழகாதவர் புள்ளியியலுக்காக அதைக் கற்க வேண்டியதில்லை.

வி.எஸ். கோடும் பாசிட்ரானும்

மைக்ரோசாஃப்ட் 2015இல் கொண்டுவந்த வி.எஸ். கோட், பைத்தானையும் ஆரையும் கலந்து எழுதுபவர்களுக்கு இயல்பான இடம். ஆருக்கான நீட்சியை ஏற்றி, ஆருக்குள் லாங்குவேஜ்சர்வர் என்ற தொகுப்பையும் ஏற்ற வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தால் பெயர் நிரப்பும் வசதி வேலை செய்யாது. ஆர்ஸ்டுடியோவை உருவாக்கிய நிறுவனம் 2022இல் பாசிட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே நிறுவனம் வி.எஸ். கோடின் திறந்த மூலத்தை வைத்து பாசிட்ரான் என்ற புதிய எடிட்டரைத் தருகிறது. பொருட்களின் பட்டியல், படம், தரவு அட்டவணை எல்லாம் ஏற்றியவுடனே கிடைக்கும். ஆர், பைத்தான் இரண்டையும் புதிதாகத் தொடங்கும் மாணவர், கணினியும் புதிதாக இருந்தால், இதிலேயே நேராக இறங்கலாம். பழைய கணினிக்கு வேண்டாம்.

ஜூப்பிட்டர் நோட்புக் வகுப்பில் காட்டுவதற்கு நன்றாக இருக்கும். கட்டங்களை முன்பின்னாக ஓட்ட விடுவதால், வழக்குக்குப் போகும் கணக்குக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஐந்தாவது கட்டத்தை ஓட்டிவிட்டு மூன்றாவதைத் திருத்தியிருந்தால் திரையில் நிற்கும் விடை எந்த நிரலின் விடை என்று நமக்கே தெரியாது.

தமிழ் எழுதும்போது

ஆங்கிலப் புத்தகங்கள் சொல்லாத பகுதி இது, ஆகவே கொஞ்சம் நின்று போவோம்.

விண்டோஸில் ஆர் 4.2.0 வருவதற்கு முன், அதாவது 2022 ஏப்ரல் வரை, தமிழ் எழுத்துகள் கன்சோலில் பல சமயம் கோண அடைப்புக்குறிக்குள் எண்களாக வந்து விழும். அந்தப் பதிப்பிலிருந்து, புதிய விண்டோஸ் 10, 11 கணினிகளில், ஆர் தன் இயல்பு குறியேற்றமாகவே யு.டி.எஃப்-8ஐ எடுத்துக்கொண்டது. அலுவலகக் கணினியில் பழைய ஆர் இருந்தால் எடிட்டரை மாற்றிப் பயனில்லை, முதலில் ஆரைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

மாறிகளின் பெயர், நெடுவரிசைப் பெயர் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். குறிப்புகளும் படத்தின் தலைப்புகளும் தமிழில் இருக்கட்டும். குறிப்பைத் தமிழில் எழுதினால் எதற்காக ஒரு வரியை விட்டீர்கள் என்று யோசித்து எழுதுவீர்கள். ‘போகி அன்று காலை உச்சம், நீக்கவில்லை’ என்ற குறிப்பு ஆறு மாதம் கழித்தும் புரியும்.

நிரலுக்கான சம அகல எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் கிடையாது. எடிட்டர் நிர்மலா போன்ற வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிக் காட்டும். அதனால் தமிழ் வந்த வரியில் நேர்வரிசை கலையும், கர்சர் ஓர் எழுத்து தள்ளி நிற்பது போலத் தோன்றும். நிரலில் தவறு எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம். குறிப்பைத் தனி வரியில் எழுதினால் கண்ணை உறுத்தாது.

படத்தில் வேறு தொல்லை வரும். ‘கொடுங்கையூர்’ என்று தலைப்பிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘ஊ’காரம் தனியே தொங்கும். படம் வரையும் கருவிக்கு எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். ராக் என்ற தொகுப்பை ஏற்றி, ஆர்ஸ்டுடியோவின் கிராஃபிக்ஸ் அமைப்பில் ஏ.ஜி.ஜி. என்பதைத் தேர்ந்து, தமிழ் எழுத்துருவின் பெயரையும் சொல்லிவிட்டால் சரியாகும். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம்.

அரசு அலுவலகங்களிலிருந்து வரும் பழைய கோப்புகள் வானவில் போன்ற எழுத்துருக் குறியேற்றத்தில் இருந்தால் எந்த எடிட்டரும் உதவாது. ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். முதலில் யுனிகோடுக்கு மாற்றிவிட்டு வாருங்கள்.

பழைய கணினி, பூட்டிய கணினி

2011இலிருந்து தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் பயில்பவர்களுக்கு என் யோசனை: இலகுவான லினக்ஸ் ஒன்றை ஏற்றி, ஈமேக்ஸோ கியானி என்ற எடிட்டரோ வைத்துக்கொள்ளுங்கள். கியானியின் கீழ்ப்பகுதியில் ஒரு டெர்மினல் உண்டு, அதில் ஆரைத் திறந்து வைத்து, தேர்ந்த வரியை அங்கே அனுப்பும் கட்டளைக்கு அமைப்புகளில் ஒரு விசையை ஒதுக்கிவிடலாம். அழகு குறைவு, வேலை நடக்கும். ஒரு நிலையத்தின் ஓராண்டுத் தரவு ஆருக்கு ஒரு பொருட்டே அல்ல. நினைவகத்தைத் தின்பது எடிட்டரும் பிரவுசரும்தான்.

நிறுவனக் கணினியில் அட்மின் கடவுச்சொல் கிடைக்காதவர்கள் ஆரைத் தங்கள் சொந்தக் கோப்புறைக்குள் நிறுவிக்கொள்ளலாம். ஆர்ஸ்டுடியோவுக்கு ஜிப் வடிவமும், நோட்பேட் ப்ளஸ் ப்ளஸுக்கு நிறுவாமல் ஓடும் வடிவமும் உண்டு. தொழில்நுட்பம் இடம் கொடுக்கிறது என்பதற்காக விதி இடம் கொடுக்கிறது என்று அர்த்தமில்லை. உள்ளே பென் டிரைவ் கூடாது என்ற இடங்களில் ஐ.டி. ஆட்களிடம் எழுதிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு மாலை வைத்துப் பாருங்கள்

இரண்டு எடிட்டரைத் தேர்ந்து, இரண்டிலும் ஒரே வேலையைச் செய்யுங்கள். மணலி நிலையத்தின் ஓராண்டுக் கோப்பை வாசியுங்கள், தேதியைத் தேதியாக மாற்றுங்கள், பி.எம். 2.5க்கு ஒவ்வொரு நாளின் சராசரியையும் எடுங்கள், 2009இன் தேசியத் தர அளவான 60 மைக்ரோகிராமைத் தாண்டிய நாட்களை எண்ணுங்கள், ஒரு கோட்டுப் படம் வரையுங்கள். ஒரு நாளில் 96க்குப் பதில் எத்தனை அளவீடு இருந்தால் அந்த நாளைக் கணக்கில் சேர்ப்பது என்பதையும் ஒரு தமிழ்க் குறிப்பாக எழுதி வையுங்கள்.

செய்யும்போது கவனிக்க வேண்டியது: கை எத்தனை முறை மவுஸுக்குப் போகிறது, விட்டுப்போன அடைப்புக்குறியை எடிட்டர் காட்டிக்கொடுக்கிறதா, பிழை வந்தால் எந்த வரி என்று தெரிகிறதா, இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த கண்ணுக்கு எழுத்து போதுமான பெரிதா. எழுத்தளவு 14க்குக் குறைய வேண்டாம். பூஜ்யமும் ஆங்கில ஓவும், ஒன்றும் சிறிய எல்லும் வேறு வேறாகத் தெரியும் எழுத்துருவாக இருக்கட்டும். கறுப்புப் பின்னணியா வெள்ளையா என்பது அறையின் வெளிச்சத்தைப் பொறுத்தது. டியூப்லைட் எரியும் அறையில் வெள்ளையே கண்ணுக்குச் சுகம் என்பது என் கட்சி.

மறுநாள் கணினியைத் தொடங்கி, முதல் நாள் ஸ்கிரிப்ட்டைத் திறந்து, ஒன்றையும் திருத்தாமல் ஓட்டுங்கள். எதில் அதே எண்ணிக்கை வந்து, தொடர்ந்து எழுதத் தோன்றுகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள். இந்தப் புத்தகம் முடியும் வரை வேறு எடிட்டர் பக்கம் போக வேண்டாம். அடுத்த அத்தியாயத்தின் பயிற்சிகள் அந்த மணலி ஸ்கிரிப்ட்டின் மேல்தான் தொடர்கின்றன. விசைகளை ஆர்ஸ்டுடியோவுக்கே கொடுத்திருக்கிறேன், ஈமேக்ஸ்காரர்களுக்கான மாற்று விசைகள் அடைப்புக்குறிக்குள் இருக்கும்.